மணி அடிக்காத கல்லூரி

கல்லூரி என்றதும் கட்டடம், கரும்பலகை, மணி எல்லாம் நினைவுக்கு வரும். இவை இல்லாமல், வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பாடம் கேட்டு, பட்டம் பெறலாம், தெரியுமா?

சென்னை ஐ.ஐ.டி., 2020ம் ஆண்டு இப்படி ஒரு படிப்பைத் தொடங்கியது. பாடம், 'டேட்டா சயின்ஸ்.' அதாவது, குவிந்து கிடக்கும் தகவல்களை அலசி, பயனுள்ளதைக் கண்டுபிடிக்கும் அறிவியல்.

இதில் சேரும் முறை புதுமையானது. வழக்கமாக, தேர்வு வைத்துவிட்டுத்தான் பாடம் நடத்துவார்கள். இங்கே முதலில், 4 வாரம் பாடம்! வீடியோவில் பாடம் கேட்டு, அந்தந்த வாரத்துப் பயிற்சியைக் குறித்த நாளுக்குள் இணையத்தில் செய்து முடிக்க வேண்டும். அதில் போதிய மதிப்பெண் எடுத்தவர்களே தகுதித் தேர்வு எழுதலாம். அந்தத் தேர்வுக்குத் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். வீட்டில் எழுதினால், பக்கத்தில் இருப்பவர் விடை சொல்லிவிடலாம் அல்லவா?

இந்த 4 வாரத்தில் ஒரு பெரிய சோதனை இருக்கிறது. கணினியை இயக்கச் சில நாளில் பழகிவிடலாம். ஆனால், "படி" என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் தானாகப் படிப்பதுதான் கடினம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், பாடம் மலையாகக் குவியும். கடைசி நாள் இரவில் மின்சாரம் போனால் என்ன செய்வது?

இதற்கு நீங்கள் இப்போதே தயாராகலாம். கணினி கூட வேண்டாம். தினமும் யாரும் சொல்லாமல், அரை மணி நேரம் ஒரு பாடத்தைப் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, 5 கேள்விகளுக்கு விடை எழுதி, நீங்களே திருத்துங்கள்.

நாளை நீங்கள் சேரும் கல்லூரியில் மணி அடிக்காமல் போகலாம். அப்போது, உங்களுக்குள் ஒரு மணி அடிக்க வேண்டும்!