பால் திரியட்டும்!

வீட்டில் பனீர் செய்ய முதல் தேவை கொழுப்பு நிறைந்த பால். ஆவினில் என்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட். லிட்டருக்கு 200 கிராம் வரை தேறும். 3 சதவீதப் பாலும் திரியத்தான் செய்யும். ஆனால் அளவு குறையும், மெல்லும்போது ரப்பராய் இழுக்கும். மாதக்கணக்கில் கெடாத டெட்ரா பேக் பால் வேண்டவே வேண்டாம், கட்டி சேராமல் குழகுழத்து நிற்கும்.

பால் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து, ஓரிரு நிமிடம் சூடு அடங்க விடுங்கள். பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். மீதிப் புரதம் பச்சைப் பாலில் தண்ணீரோடு போய்விடும். நன்றாகக் காய்ச்சினால் அதில் ஒரு பகுதி கேசினோடு ஒட்டிக்கொண்டு பனீரில் சேரும்.

2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, சிறிது சிறிதாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காது. பிறகு கரண்டியின் முதுகில் பொடித் துகள்கள் ஒட்டும். சட்டென்று பால் பிரியும்: நடுவே வெள்ளைத் திப்பிகள், சுற்றிலும் இளம்பச்சையாய்த் தெளிந்த தண்ணீர். அந்தப் பச்சை, ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் தரும் நிறம். தெளிந்த கணமே கையை நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். அதற்குமேல் விடும் சாறு பனீரைப் புளிக்கவும் விறைக்கவும் வைக்கும்.

துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, இறுக்கிக் கட்டி மேலே பாரம் வையுங்கள். அரை மணி நேரம் போதும். எருமைப் பாலில் செய்தது துண்டு போட்டுப் பொரிக்கத் தோதான கெட்டி. அமிலத்தில் திரிந்தது என்பதால் சூட்டில் உருகி ஓடாது. பசும்பாலில் செய்தது மெத்தென்றிருக்கும். பாரம் ஏற்றாமல் வடித்தால் அதுதான் சேனா. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பிசைந்தால் ரசகுல்லாவுக்கு ஆகும். மேற்கு வங்கம் 2017-லும் ஒடிசா 2019-லும் தத்தம் ரசகுல்லாவுக்குப் புவிசார் குறியீடு பெற்றன. இரண்டுக்கும் அடிப்படை இந்தச் சேனாதான்.

வடித்த தண்ணீரைக் கொட்டிவிடுவது பெரிய வீண். சப்பாத்தி மாவு பிசையலாம், குழம்பில் சேர்க்கலாம். கொஞ்சம் எடுத்துவைத்துப் புளிக்கவிட்டால் மறுநாள் பாலைத் திரிக்க எலுமிச்சையே வேண்டாம். வங்காள இனிப்புக் கடைகளில் பழைய காலம் தொட்டு இருக்கும் வழக்கம் அது. எலுமிச்சை வாசம் ஏறாத, சுத்தமான பால் மணத்தோடு சேனா கிடைக்கும்.