புல்லாங்குழலைத் துடைக்கிறீங்களா... இல்லை, அப்படியே உறைக்குள் போட்டுடறீங்களா?

விஜயதசமி அன்று குழந்தையைப் புல்லாங்குழல் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர், சுருதி பார்த்து நல்ல குழலாக வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால், அதை எப்படிப் பராமரிப்பது என்று கேட்பவர்கள் குறைவு. மாலியும் ரமணியும் வாசித்தது இதே எளிய மூங்கில்தான். சாவி இல்லை, சீவாளி இல்லை, கழற்றி மாட்ட எதுவுமே இல்லை. அதனாலேயே பராமரிப்பும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

அரை மணி நேரம் வாசித்துவிட்டுக் குழலைச் சாய்த்துப் பாருங்கள், சொட்டுச் சொட்டாக ஈரம் வரும். பலரும் நினைப்பதுபோல அது முழுக்க எச்சில் இல்லை. நம் மூச்சுக்காற்று வெதுவெதுப்பானது, குழலின் உட்சுவர் அதைவிடக் குளிர்ச்சியானது. காற்றிலுள்ள ஈரம் அங்கே பட்டு நீராகிவிடுகிறது. துடைக்காமல் அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால், பூஞ்சைக்குக் கொண்டாட்டம்!

இது வெறும் நாற்றப் பிரச்னை இல்லை. இங்கிலாந்தில் தினமும் பேக்பைப் வாசித்துவந்த 61 வயதுக்காரர் ஒருவர், பல வருடங்கள் வறட்டு இருமலாலும் மூச்சுத்திணறலாலும் அவதிப்பட்டு, 2014-ல் இறந்துபோனார். இடையில் மூன்று மாதம் ஆஸ்திரேலியா போயிருந்தபோது மட்டும் உடம்பு தேறியது. அந்தப் பயணத்தில் பேக்பைப்பை அவர் எடுத்துப் போகவில்லை. பிறகு அதன் உள்ளே பரிசோதித்தபோது பலவகைப் பூஞ்சைகள் இருந்தன. நுரையீரல் அழற்சிக்கு அவையே காரணமாக இருந்திருக்கலாம் என்று, 'தோரக்ஸ்' மருத்துவ இதழில் 2016-ல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

புல்லாங்குழல்காரர்கள் பதற வேண்டாம். பேக்பைப்பில் இருப்பது மூடிய காற்றுப்பை. உள்ளே ஈரம் காயவே நேரமாகும். நம் குழலோ திறந்த குழாய். வேலை இரண்டு நிமிடம்தான்.

குழலைவிடச் சற்று நீளமான மெல்லிய மரக்குச்சி, பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டு. இவ்வளவு போதும். குச்சியின் முனை வெளியே தெரியாதபடி துணியைச் சுற்றி, திறந்த முனை வழியாக விட்டு மூடிய முனைவரை மெதுவாகத் துடைக்க வேண்டும். வாய்த்துளைக்கு அருகில்தான் ஈரம் அதிகம் தங்கும், அங்கே அவசரம் கூடாது. அதற்காகத் தக்கையை இடித்துத் தள்ளிவிடாதீர்கள். அது இடம் மாறினால் சுருதியே மாறிவிடும். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். துடைத்ததும் கொஞ்ச நேரம் நிழலில் காற்றாட வைத்துவிட்டு, துணி உறையில் போடலாம்.

குழாயடியில் பிடித்துக் கழுவுவது பெரிய தப்பு. மூங்கில் தண்ணீரைக் குடித்து ஊதும், காயும்போது சுருங்கும், நீளவாக்கில் விரிசல் விடும். சானிட்டைசரும் ஆகாது, மூங்கிலை வறளவைத்து மேல்பூச்சையும் கெடுத்துவிடும். பள்ளியில் வாசிக்கும் பிளாஸ்டிக் ரெக்கார்டர் என்றால் கவலையில்லை. பாகங்களைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தாராளமாகக் கழுவலாம். கொதிநீர் மட்டும் கூடாது, வளைந்துவிடும்.

மூங்கிலுக்கு அவ்வப்போது எண்ணெய் தேவை. வடக்கே பான்சுரிக்குக் கடுகெண்ணெய் தடவுவார்கள், பாதாம் எண்ணெயும் நல்லதுதான். துணியில் சில சொட்டு விட்டு உள்ளே மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். வழிய வழிய ஊற்றினால் பிசுபிசுப்பும் தூசியும்தான் மிஞ்சும்.

குழலுக்கு வெயில் பெரிய எதிரி. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது குழல் பிளந்திருக்கலாம். ஏ.சி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். குழலைச் சுற்றி நூல் கட்டியிருப்பது அழகுக்கு மட்டுமல்ல, பிளவு விடாமல் இறுக்கிப் பிடிக்கவும்தான். பிள்ளைகள் அதைப் பிரித்து விளையாட விடாதீர்கள்.

எல்லாத் துளைகளையும் சரியாக மூடியும் கீழே உள்ள ஸ்வரங்கள் திணறினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம். மெல்லிய கீறல் என்றால் பசை வைத்து, மேலே நூல் கட்டினால் சரியாகிவிடும். வாய்த்துளையின் விளிம்பிலேயே விரிசல் என்றால், வீட்டில் கைவைக்காமல் குழல் செய்பவரிடமே கொடுத்துவிடுங்கள். அந்த விளிம்பில்தான் நாதம் பிறக்கிறது. கத்தியால் ஒருமுறை சுரண்டினாலும் பழைய குரல் திரும்ப வராது.