கிணற்றுக்கும் குழிக்கும் இடையே

வவுனியாவிலிருந்து கண்டி வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோர், ஓமந்தையைக் கடந்து புளியங்குளச் சந்தியை அடைவர். அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதி நெடுங்கேணிக்குச் செல்கின்றது. 1990 ஆம் ஆண்டில் நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பர் மாதத்தில் மீண்டும் இவ்வழியே கிளிநொச்சிவரை ஓடத் தொடங்கியது. ஊர் மீண்டது. வீடுகள் எழுந்தன, வீதியோரத்திலே தேநீர்க்கடைகளும் வாகனம் திருத்தும் நிலையங்களும் தங்குவிடுதிகளும் தோன்றின. இவை ஒவ்வொன்றுக்கும் நீர் தர ஒரு கிணறு வேண்டும். கழிவு போக ஒரு குழி வேண்டும். இவ்விரண்டையும் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம். ஞாயிறு காலையிற் படிப்பதற்கு மலக்குழிதானா கிடைத்தது என்று முகஞ்சுளிக்கும் வாசகர், தாம் அருந்தும் தேநீரின் நீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

முதலில் எமது குற்றத்தைக் கூறிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன், புளியங்குளத்தில் எமது குடும்பத்தார்க்குரிய வளவிலே சிறு வீடொன்று கட்டினோம். வீட்டுக்கு வரைபடம் உண்டு, அனுமதியும் உண்டு. மலக்குழியோ வரைபடத்தில் ஓரிடத்திலும் நிலத்தில் வேறோரிடத்திலும் அமைந்தது. வரைபடம் காட்டிய இடத்திற் பாறை தட்டியதென்றார் மேசன். பத்தடி தள்ளி வெட்டினால் வேலை ஒருநாளில் முடியும் என்றார். நாமும் தலையசைத்தோம். யாரையும் அழைத்துக் காட்டவில்லை. குழிக்கு மூடி போட்டு, மேலே மண்ணும் பரப்பியாயிற்று.

மறுவாரம் வேலிக்கு அப்பால் வாழும் ஆச்சி வந்தார். ஒன்றும் பேசவில்லை. குழியின் ஓரத்திலிருந்து தம் கிணற்றுக்கட்டுவரை அடியெடுத்து அளந்தார். பின்னர், “தம்பி, கிணறு எங்கட ஐயா வெட்டினது. குழி போன கிழமை வந்தது. எதைத் தள்ளி வைக்கிறது?” என்றார். கல்லூரியிலே பல ஆண்டுகளாக மாணவருக்குப் பாடஞ் சொல்லும் எமக்கு அவ்வினாவுக்கு விடை சொல்ல நாவெழவில்லை. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி வேண்டும் என்பது நம் ஊர்களிற் குழந்தையும் அறிந்த கணக்கு. எமது குழியோ முப்பதடிக்குள் இருந்தது.

அன்றிரவே எம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. எம்மைத் தடுத்திருக்கக் கூடியவர் யார்? கொழும்பிலிருக்கும் ஒரு திணைக்களமா, மாகாணமா, நெடுங்கேணியிலிருக்கும் பிரதேச சபையா?

சட்டத்தைப் புரட்டினால் விடை தெளிவாகவே இருக்கின்றது. கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டக் காலந்தொட்டு உள்ளூராட்சி மன்றங்களுக்கு உரியது. நம் பாட்டனார் காலத்துக் கிராமச் சங்கங்கள், 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது மறைந்தன. பின்னர் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரமும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளும் பிரதேச சபையின் பொறுப்பு என்று விதித்தது. ஆகவே ஒரு வீட்டின் குழி எங்கே அமைய வேண்டும் என்று கேட்பதற்குரிய வாய் ஊரிலேயே இருக்கின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தொழினுட்ப உத்தியோகத்தரும் அதன் கண்கள் எனலாம்.

வீட்டைவிடப் பெரிய காரியங்களின் வரலாறு வேறு. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி மத்திய சுற்றாடல் அதிகார சபை உருவாயிற்று. 1988 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. கழிவை வெளிவிடும் தொழில் எதுவாயினும் உரிமம் பெற்றே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வுரிமங்கள் அனைத்தையும் தலைநகரத்து அதிகார சபையொன்றே வழங்குவதென்றால், மூலைக்கு மூலை உள்ள அரிசி ஆலையை யார் சென்று பார்ப்பது? ஆதலின் தன் அதிகாரத்தின் ஒரு பங்கை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்கவும் அச்சட்டம் வழிவிட்டிருந்தது.

2008 சனவரியில் வெளியான வர்த்தமானி இப்பங்கீட்டை விரிவாக வகுத்தது. ‘அ’ பட்டியலில் 80 தொழில்கள், ‘ஆ’ பட்டியலில் 33, ‘இ’ பட்டியலில் 25. முதலிரண்டும் மத்திய சபைக்கு. மாசு குறைந்த இருபத்தைந்தும் ஊர்ச் சபைக்கு. வன்னி வாசகர்க்கு இப்பட்டியலைப் படிப்பது சுவையான காரியமே. நெல்லை ஊறவைத்து அவித்துக் குற்றும் ஆலை மத்திய சபையின் பொறுப்பு. பச்சையாகவே குற்றும் ஆலை பிரதேச சபையின் பொறுப்பு. புழுங்கல் நெல் ஊறிய நீரின் நாற்றத்தை அறிந்தவர் இப்பிரிவின் நியாயத்தையும் அறிவர். இருபது அறையும் அதற்கு மேலும் உள்ள விடுதிக்கு மத்திய சபை. ஐந்து முதல் இருபதுக்குட்பட்ட அறைகளுள்ள விடுதிக்கு ஊர்ச் சபை. வர்ணம் தெளிக்காத வாகனத் திருத்தகம், மரம் அரியும் சிறு ஆலை, செங்கற் சூளை, எரிபொருள் நிரப்பு நிலையம் ஆகியவையும் ஊருக்கே வந்தன. அதன்பின் 2022 இல் இப்பட்டியல்கள் புதுப்பிக்கப்பட்டன. எனினும் புளியங்குளம் போன்ற ஒரு சந்தியிலே கண்ணுக்குத் தெரியும் தொழில்களிற் பல, நெடுங்கேணிக் காரியாலயத்தில் ஒப்பம் பெறவேண்டியவையாக அப்போதே ஆகிவிட்டன என்பதை நம்மவர் பலர் அறியார். “கொழும்பிலே கேட்க வேணும்” என்று இன்றும் கூறுவோரைக் கண்டிருக்கின்றோம்.

அதிகாரம் ஊருக்கு வந்தது நன்றே. ஆனால் ஒப்பத்தோடு அறிவும் கருவியும் கூடவே வந்தனவா என்பதுதான் கேள்வி. இதற்குக் கடல் கடந்த ஊரொன்றின் கதை துணைபுரியும்.

கனடாவிலே, நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் குடிநீரை உள்ளூர் ஆணைக்குழுவொன்றே நடத்தி வந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்தது. பண்ணையொன்றின் மாட்டெரு மழைநீரோடு கலந்து, ஆழங்குறைந்த கிணறொன்றிற் புகுந்தது. நீரிற் குளோரீன் போதிய அளவில் இருக்கவில்லை. பொறுப்பிலிருந்தவர்களோ அளக்காமலே அளந்ததாகக் குறிப்பேட்டில் எழுதிவந்தவர்கள். முறையான பயிற்சி அற்றவர்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், ஏழுபேர் மாண்டனர். நீதியரசர் ஓகொனர் நடத்திய விசாரணை உள்ளூரார் தவற்றை மட்டும் சுட்டவில்லை. மாகாண அரசு செலவைக் குறைத்ததும் மேற்பார்வையைத் தளர்த்தியதும் காரணங்களே என்றது. அதன்பின்னர் 2002 இல் அம்மாகாணத்தில் குடிநீருக்கெனத் தனிச்சட்டம் வந்தது. நீர்நிலையங்களை இயக்குவோர் தேர்ச்சிச் சான்றிதழ் பெறுவது கண்டிப்பாக்கப்பட்டது.

ஆழங்குறைந்த கிணறு, பக்கத்திலே மாட்டுப்பட்டி, பெருமழை. வன்னியில் இம்மூன்றும் இல்லாத ஊர் எது?

எமது நிலத்தின் இயல்பையும் கூறவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லிலே வெட்டப்பட்டவை. வவுனியாப் பகுதியிலே கீழே கிடப்பது வைரமான பாறை. அதன் மேலுள்ள உக்கிய மண்படையிலும் பாறைப் பிளவுகளிலுமே நீர் நிற்கின்றது. குழியிலிருந்து கசியும் நீர் பிளவொன்றைக் கண்டுகொண்டால், மண்ணில் வடிபடாமலே கிணற்றை அடைந்துவிடும். ஐம்பதடிக் கணக்குங்கூட அங்கே எப்போதும் காவலாகாது. போதாக்குறைக்கு இம்மாவட்டத்தின் நிலத்தடி நீர் பல இடங்களிற் கடினமானது, புளோரைட்டு மிகுந்தது. இலங்கைத் தரம் ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு ஆகாது என்கின்றது. காரணம் முற்றாகத் தெளிவுபடாத சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களுள் வவுனியாவும் ஒன்று. ஆகவேதான் ஊர்கள்தோறும் ஆர்.ஓ. என வழங்கும் நீர் வடிகட்டும் இயந்திரங்கள் வந்தன. சமூக அமைப்புகள் பல அவற்றை நடத்துகின்றன. நகரக் குழாய்நீருக்குப் பொறுப்பான தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975 இலிருந்து இயங்குவது. கிராமத்துச் சமூக நீர்த்திட்டங்களுக்கெனத் தனித் திணைக்களம் 2014 இல் வந்தது. இயந்திரம் வடித்துத் தள்ளும் உப்புநீர் எந்த வாய்க்காலில் விழுகின்றது என்று கேட்பதும் ஒருவர் கடமையாதல் வேண்டும். குடிநீரை ஒருவரும் கழிவுநீரை இன்னொருவரும் பார்ப்பதனால், இரண்டும் சந்திக்கும் இடத்தை எவரும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் சபை எல்லையை அறியாது. கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்திலிருந்து வடக்கே ஓடி இரணைமடுவிற் கலக்கின்றது. இங்கே ஒரு சபை கண்மூடி இட்ட ஒப்பம் கிளிநொச்சியின் குளத்தைச் சென்றடையலாம். அதற்காகத் தூரத்து அதிகாரமே மேலென்று கூறவும் மனம் வரவில்லை. சுன்னாகத்திலே மின்நிலையத்தின் எண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 ஏப்பிரிலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அத்தகைய பெருநிலையத்துக்கு உரிமம் வழங்குவது ஊர்ச் சபையின் கையில் இருக்கவில்லை. கிணற்றில் எண்ணெய் மிதந்ததை முதலிற் கண்டவரோ ஊரவரே.

சபைகளின் நிலைமையையும் மறைத்தலாகாது. 2023 மார்ச்சில் நாடெங்குமுள்ள உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6 ஆம் திகதியே வாக்களிப்பு நடந்தது. ஈராண்டுக்கு மேலாக உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினர். அனுமதிகள் நிற்கவில்லை; ஆனால் “ஏன் வழங்கினீர்?” என்று சபையிலே எழுந்து கேட்பதற்கு உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. வட மாகாண சபைக்கோ 2018 இல் காலம் முடிந்தபின் தேர்தலே நடைபெறவில்லை.

இப்போது உறுப்பினர் இருக்கின்றனர். வீதிவிளக்கும் கிரவல் பாதையும் கேட்டு அவர்களிடம் செல்வோர் பலர். நீரைச் சோதிக்கும் பெட்டியொன்று சபையிலே உண்டா, குழி மூடுமுன் வந்து பார்க்க ஆள் உண்டா, வந்தவர்க்கு மோட்டார் வண்டிக்கு எரிபொருள் உண்டா என்று கேட்டவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. நாமுங்கூட ஆச்சி அளந்த பிறகே கேட்கத் தொடங்கினோம்.

எமது குழியின் கதை இவ்வாறு முடிந்தது. மூடியைப் பெயர்த்து, கழிவை அகற்றி, சுண்ணாம்பும் மண்ணும் இட்டு நிரப்பினோம். வளவின் மறுகோடியில், பாறையை உடைத்தே புதுக்குழி வெட்டினோம். இம்முறை பரிசோதகர் வந்து நாடா பிடித்து அளந்த பின்னரே மூடி இட்டோம். செலவு முன்னையதைப்போல் இருமடங்கு. பழைய இடத்தில் ஆச்சியே ஒரு வாழைக்குட்டியை நட்டார். அது குலைதள்ளியும் விட்டது. கிணற்றில் அவர் குளிக்கின்றார், துணி தோய்க்கின்றார், செடிக்கு ஊற்றுகின்றார். குடிப்பதற்கு மட்டும் இன்றும் சந்தியிலுள்ள இயந்திரத்திலிருந்தே கலனில் நீர் கொண்டுவருகின்றார்.