தன்பாலீர்ப்பினரும் தொழிற் பாதுகாப்பும்: தெல்தோட்டையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

தொழிலாளர் விற்பது தம் உழைப்புச் சக்தியை. தம் அந்தரங்க வாழ்வை அன்று. முதலாளித்துவச் சட்டவியலும் மறுக்கவியலாத இவ்வுண்மை, தன்பாலீர்ப்பினரைப் பொறுத்தவரை இலங்கையில் இன்னும் சட்டவடிவம் பெறவில்லை. அதன் காரணங்களைத் தெல்தோட்டைப் பகுதியின் தொழில் வாழ்வோடு இயைத்து நோக்குவது பயனுடையதாகும்.

1867இல் தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். பதினாறு ஆண்டுகளின் பின், 1883இல், அதே குடியேற்ற ஆட்சி தண்டனைச் சட்டக்கோவையை இயற்றிற்று. அதன் 365, 365அ பிரிவுகளே தன்பாலுறவைக் குற்றமாக்கின. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குற்றத்தைக் குறைக்கவில்லை. ஆண்களுக்கு மட்டும் உரியதாயிருந்த 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் என்பவற்றைக் காரணமாகக் கொண்ட பாரபட்சத்தைத் தடுக்கின்றது. பாலீர்ப்பு அப்பட்டியலில் இல்லை. 12ஆம் உறுப்புரை அதனையும் உள்ளடக்குமென 2014இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவின் முன் அரசாங்கம் கூறியது. அவ்விளக்கத்தை ஏற்பினும், அடிப்படை உரிமை வழக்கு ஆட்சித்துறை, நிருவாகச் செயல்களுக்கு எதிராகவே தொடரத்தக்கது. கடை முதலாளியும் ஆடைத் தொழிற்சாலை உரிமையாளரும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டோர்.

எஞ்சுவது தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் செய்யப்பட்ட திருத்தத்தால் தோன்றிய இச்சபை, நீதியும் ஒப்புரவுமான கட்டளையை வழங்கலாம். ஆயின் வேலைநீக்கம் நிகழ்ந்த பின்னரே அதன் கதவு திறக்கும். வேலைக்கு எடுக்க மறுத்தலும் அன்றாட இழிவுபடுத்தலும் அங்கு விசாரிக்கப்படா. மேலும், நீக்கத்தின் மெய்யான காரணத்தை நிறுவ முயலும் தொழிலாளி, தண்டனைச் சட்டம் குற்றமெனக் கருதும் ஒன்றைப் பலரறியச் சொல்ல நேரிடும். பரிகாரத்தின் வாயிலிலே தண்டனைச் சட்டம் காவல் நிற்கின்றது.

தோட்டத்தில் இந்நிலை மேலும் கொடியது. லயத்துக் காம்பரா தோட்ட நிருவாகத்தின் உடைமை; வேலையும் உறைவிடமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எனவே அங்கு வேலையிழப்பு என்பது வீட்டையும் உறவுகளையும் இழக்கும் அச்சமாகும். இரகசியத்தை அறிந்த அதிகாரிக்கு அவ்வச்சமே கூலியற்ற கங்காணி.

இது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் பிரச்சினையென முற்போக்காளர் சிலர் ஒதுக்குவர். 1940இல் அயலிலுள்ள ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். அப்போராட்ட மரபுக்கு உரிமை கோருவோர், அச்சத்தால் வாய்மூடிய சக தொழிலாளி வேலைநிறுத்தத்தில் எவ்வாறு நிமிர்ந்து நிற்பார் என்பதையும் சிந்தித்தல் வேண்டும்.

2023இல், அப்பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறாமலே காலாவதியாயிற்று. குற்றநீக்கம் இன்றியமையாதது, ஆனால் போதுமானதன்று. தொழிற் சட்டத்திலும் வெளிப்படையான தடை வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில், 1964ஆம் ஆண்டுச் சட்டத்திலுள்ள ‘பால்’ என்னும் சொல்லே இப்பாதுகாப்பை அளிக்கின்றதென 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நமக்கோ நேரான வழியொன்றுண்டு. 1998இல் இலங்கை ஏற்றுறுதி செய்த சர்வதேச தொழில் தாபனத்தின் 111ஆம் சமவாயம், தொழில்தருநர், தொழிலாளர் அமைப்புகளைக் கலந்தாலோசித்துப் பாரபட்சத்துக்கான வேறு காரணங்களையும் பட்டியலிற் சேர்க்க அரசுக்கு இடமளிக்கின்றது. ஆகவே இக்கோரிக்கையை முன்வைக்கும் பொறுப்பு நீதிமன்றங்களுக்கு முன்னதாகத் தொழிற்சங்கங்களையே சார்ந்ததாகும்.