செய்நிரலும் வழுக்காணலும்

'அவன் வந்தாள்' என எழுதப்பட்ட அளவிலேயே அது பால்வழு என்பது இலக்கணம் கற்றார்க்குப் புலனாம். வந்தவர் யாவர் என்று சென்று பார்த்தல் வேண்டா. கணினிச் செய்நிரலையும் இவ்வாறே, இயக்காது, எழுதப்பட்ட வடிவத்தை மாத்திரம் ஆராய்ந்து வழுக் காணலாம். இம்முறை நிலைப் பகுப்பாய்வு எனப்படும்.

இயக்கிப் பார்க்குஞ் சோதனையும் இன்றியமையாததே. எனினும், அது செய்நிரல் அன்று சென்ற வழியை மட்டுமே காட்டும். செல்லாத வழியிற் கிடக்கும் பிழை மறைந்தே கிடக்கும். பகுப்பாய்வுக் கருவியோ அவ்வழிகளையும் எழுத்திலே தொடர்ந்து நோக்கும். பெறுமானம் அளிக்கப்படாத மாறி, ஒருகாலும் எட்டப்படாத கூற்று, எண் நிற்கவேண்டிய இடத்திற் சொல் நின்றமை முதலியவற்றை அது சுட்டும். 1978 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்து ஸ்டீபன் ஜோன்சன் சி மொழிக்கென ஆக்கிய 'லின்ட்' இவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்று. துணியில் ஒட்டும் பஞ்சுத்துகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

துகள் போன்ற பிழையும் பெருங்கேடு விளைக்கும் என்பதற்கு 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் திருத்திய பிழை சான்றாகும். இணையத்தில் மறுமுனையில் உள்ள சேவையகம் மெய்யானதோ எனச் சோதிக்கும் பகுதியில், 'தவறெனின் முடிவுக்குச் செல்க' என ஒருமுறை வரவேண்டிய கட்டளை இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எந்நிபந்தனைக்கும் உட்படாதது. ஆதலின் செய்நிரல் எஞ்ஞான்றும் முடிவுக்கே தாவிற்று. கீழேயிருந்த கையொப்பச் சோதனை நிகழவேயில்லை. 'தவறில்லை' என்ற விடையே வந்தது. இடைநின்ற வஞ்சகன் மெய்யான சேவையகம்போல் நடித்து இரகசியங்களைக் கவர இஃது இடமளித்தது. நேர்மையான சேவையகங்களுடன் யாவும் செவ்வனே நடந்தமையால், நாளாந்தப் பயன்பாட்டிற் பிழை தோன்றவில்லை. எட்டப்படாத கூற்றைச் சுட்டுங் கருவிக்கோ அது மறைபொருளன்று.

ஆயினும் இக்கருவிகளுக்கும் எல்லையுண்டு. எந்தச் செய்நிரல் நின்றொழியும், எது முடிவின்றி ஓடும் என யாவற்றுக்கும் தவறாது தீர்க்கும் பொதுமுறை இல்லையென அலன் ரூரிங் 1936 இல் நிறுவினார். எனவே, எச்செய்நிரலையும் ஆராயப் புகுங் கருவி சில வழுக்களைக் காணாது விடும். அன்றேல் வழுவல்லாததையும் வழுவென்னும். பின்னதற்கு இலக்கணத்திலுள்ள வழுவமைதியை ஒப்பிடலாம். உவகையாற் பசுவைத் தாயென்று கூறுதல் திணை மயங்கினும், காரணம் பற்றி அமைத்துக் கொள்ளப்படும். அவ்வாறே எச்சரிக்கையை விலக்குவோனும் காரணங் காட்டல் வேண்டும். வாளா விலக்குதல் ஆகாது.

எல்லை வகுத்துக் கொண்டவிடத்து இம்முறை பெரும் பயன் தரும். பாரிசில் ஆக்கப்பட்ட 'அஸ்திரே' என்னுங் கருவி, எயர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டுச் செய்நிரலின் 132,000 வரிகளிலும் இயங்குநேர வழு யாதும் இல்லையென 2003 இல் நிறுவிற்று.

எனினும், பரப்பளவைக் கேட்டவிடத்துச் சுற்றளவைப் பிழையறக் கணிக்குஞ் செய்நிரலைக் கண்டு இக்கருவி வாய்திறவாது. இலக்கணம் வழுவாத வாக்கியமும் பொய்யாதல் கூடும். சொல்லின் வழுவைக் கருவி காணும். கருத்தின் வழுவைக் காணுதல் எழுதுவோன் கடனேயாம்.