சுவரை விட்டு வெளியே வந்த அலமாரி

பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். வீட்டுச் சாமானில் பாதி அந்தக் கனத்துக்குள்ளேயே அடங்கிவிடும். விளக்கு வைக்க மாடம், சில்லறைச் சாமானுக்குச் சின்னப் பொந்துகள், துணிமணிக்கும் கணக்கு நோட்டுக்கும் மருந்துக்கும் கதவு போட்ட சுவர் அலமாரி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடானாலும் மயிலாப்பூர் மாடவீதி வீடானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை எவ்வளவு தொங்கினாலும் அலமாரி கவிழாது. அது கவிழ வேண்டுமானால் சுவரே விழ வேண்டும்.

இன்றைய அடுக்குமாடி வீட்டில் அறைகளுக்கு நடுவே இருக்கும் தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம். அதற்குள் அலமாரி வைக்க இடமேது? நடுவில் கொஞ்ச காலம், கடப்பா கல்லைத் தட்டுத் தட்டாகப் பதித்து, படுக்கையறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று கட்டும்போதே ஷெல்ஃப் வைத்துக் கட்டினார்கள். அதுவும் குறைந்து வருகிறது. பெரியவர்கள் துணிக்கு வார்ட்ரோப், குழந்தை உடைக்கு டிராயர் யூனிட், புத்தக ஷெல்ஃப், டிவி யூனிட், ஷூ ரேக் என்று எல்லாமே வாங்கிவந்து நிறுத்துபவையாகிவிட்டன. சுவருக்குள் இருந்த அலமாரி இப்போது சுவருக்கு முன்னால் நிற்கிறது. தவழும் குழந்தையும் நடை பழகும் குழந்தையும் இருக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நாம் இன்னும் உணரவில்லை.

இரண்டுக்கும் நடுவில் வந்தது இரும்பு பீரோ. கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. பின்னாளில் பீரோ இல்லாத கல்யாணச் சீரே கிடையாது என்று ஆனது; ஊருக்கு ஊர் பீரோப் பட்டறைகள் முளைத்தன. பீரோவும் தனியாக நிற்பதுதான். ஆனால் காலி பீரோவை நகர்த்தவே நாலு பேர் வேண்டும். கீழிருந்து மேல்வரை இழுப்பறை எதுவும் கிடையாது. கால் வைத்து ஏற அதில் பிடிமானம் இல்லை. கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க, முன்கால்களுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகுவார்கள். அதனால் பீரோ ஒரு துளி பின்பக்கம் சாய்ந்தே நிற்கும். சாவிக் கொத்து வீட்டில் மூத்தவரின் இடுப்பில் இருக்கும். யாரும் குழந்தையை நினைத்து இதையெல்லாம் செய்யவில்லை. திருட்டுக்குப் பயந்தார்கள், கதவு கோணாமல் இருக்கப் பார்த்தார்கள். பலன் குழந்தைக்கும் கிடைத்தது.

எட்டக் கூடாதது எல்லாம் அன்று உயரத்தில் இருந்தது. வெண்ணெயும் தயிரும் உறியில். பூனைக்கும் எட்டாது, பிள்ளைக்கும் எட்டாது. புழங்காத சாமான் பரணில். அலமாரிக் கதவின் கொண்டி மேல்பக்கம் இருக்கும். நாதாங்கியிலிருந்து அதை எடுக்கப் பெரியவர்களே கையை உயர்த்த வேண்டும். கூடத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தை எங்கே போகிறது என்று ஒரு கண் வைத்திருப்பார்கள்.

ஆனாலும் அன்றைய வீடு குழந்தைக்குப் பத்திரமான வீடு என்று சொல்லிவிட முடியாது. ரேஷன் கடையில் வாங்கிய மண்ணெண்ணெய், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் தரையிலேயே, பழைய சர்பத் பாட்டிலில் இருக்கும். தாகமெடுத்த குழந்தை அதை எடுத்துக் குடித்துவிடும். நம் நாட்டில் குழந்தைகள் விஷம் அருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்த காரணங்களில் மண்ணெண்ணெய் முன்வரிசையில் இருந்தது. தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய் இன்னும் கெடுதல் செய்யும் என்பது பல வீடுகளில் தெரியாது. டிரங்குப் பெட்டியின் மூடி விழுந்து விரல் நசுங்குவது உண்டு. கண்ணாமூச்சி ஆடும்போது காலிப் பத்தாயத்துக்குள் ஒளிந்தால், உள்ளிருந்து மூடியைத் தூக்கக் குழந்தைக்குப் பலம் போதாது. சமையல் எரிவாயு வீட்டுக்கு வீடு வந்து மண்ணெண்ணெய் பாட்டிலை அகற்றியதும், பத்தாயம் இல்லாமல் போனதும் குழந்தைகளுக்கு நேர்ந்த நல்ல மாற்றங்கள்.

பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்கு ஒரு தீர்வு நமக்குத் தெரியாமலே நம் வீட்டுக்கு வந்தது. பழைய குளிர்சாதனப் பெட்டிகளின் கதவில் வெளிப்பக்கம் கொக்கிப் பூட்டு இருக்கும். உள்ளே போன குழந்தையால் அதைத் திறக்க முடியாது. வேண்டாமென்று போட்டுவிட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து, மூச்சுமுட்டிக் குழந்தைகள் இறந்ததால் அமெரிக்கா 1956-இல் ஒரு சட்டம் இயற்றியது. கதவு உள்ளிருந்து தள்ளினாலும் திறக்க வேண்டும் என்றது அது. 1958 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கொக்கி போய், காந்தம் பதித்த ரப்பர் விளிம்பு வந்தது. இன்று நம் ஊர் ஃபிரிட்ஜும் அப்படித்தான் மூடுகிறது. சட்டம் பொருளின் வடிவத்தையே மாற்றினால், அதை அறியாத தாய்க்கும் அது துணை நிற்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்றைய சமையலறைக்கு வருவோம். மாடுலர் கிச்சன் வந்ததும் பரணிலும் உயரத் தட்டிலும் இருந்தவை தரைமட்டத்துக்கு இறங்கின. சிங்குக்கு அடியில் இருக்கும் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். பினாயில், கழிவறை கழுவும் ஆசிட், குழாய் அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா, ஒரு மூலையில் எலி பேஸ்ட். எட்டு மாதக் குழந்தை தவழ்ந்து போனால் முகத்துக்கு நேரே இருப்பது அந்தக் கதவுதான். கொண்டி கிடையாது, கைப்பிடியைத் தொட்டாலே வழுக்கிக்கொண்டு திறக்கும். கத்தியும் கத்தரிக்கோலும் அதற்குப் பக்கத்து டிராயரில்.

படுக்கையறையில் ஆபத்து இன்னும் சின்ன வடிவில் இருக்கிறது. கட்டில் ஓரத்து டிராயரில் தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரை. சர்க்கரை மாத்திரைகளில் சில வகைகள், ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சின்னக் குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கனடாவின் வின்ட்சர் நகரத்து மருத்துவர் ஹென்றி பிரோ 1967-இல் குழந்தைகளால் திறக்க முடியாத மருந்து மூடியைக் கொண்டுவந்தார். பல நாடுகளில் அது உயிர் காத்தது. நம் ஊரில் மாத்திரை பெரும்பாலும் பட்டையாக வருவதால் அந்த மூடிக்கு வேலையே இல்லை. மாத்திரை இருக்கும் டிராயர்தான் இங்கே மூடி. அதைத்தான் பூட்ட வேண்டும். ரிமோட்டிலும் பொம்மையிலும் போடும் வட்ட பட்டன் பேட்டரி இன்னொன்று. விழுங்கியது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் அங்கே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆனால் பூட்டினால் மட்டும் தீராத ஆபத்து ஒன்று உண்டு. அது டிராயர் யூனிட் கவிழ்வது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அதன் முன்னால் நிற்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கீழ் டிராயரை இழுக்கும். உள்ளே இருக்கும் துணியை வாரி வெளியே போடும். பிறகு அடுத்த டிராயர். மேல் டிராயர் எட்டவில்லை என்றால், இழுத்துவைத்த கீழ் டிராயரின் விளிம்பில் கால் வைக்கும். அதற்கு அது மாடிப்படிதான். டிராயர்கள் எல்லாம் மூடியிருக்கும்வரை பெட்டியின் பாரம் அதன் கால்களுக்கு நடுவே இறங்குகிறது. மூன்று டிராயர் வெளியே வந்தால் துணியின் கனமும் சேர்ந்து முன்னால் வந்துவிடுகிறது. அதற்கும் முன்னால், விளிம்பில், பத்துப் பன்னிரண்டு கிலோக் குழந்தை நிற்கிறது. மேலே டிவி இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். கவிழ ஒரு நொடி போதும்; பக்கத்து அறையில் இருப்பவர் ஓடிவர நேரம் கிடைக்காது. எத்தனை கவனமான தாயானாலும் இந்த இடத்தில் கண் போதாது.

இதுவும் அமெரிக்காவில்தான் முதலில் பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. குழந்தைகள் இறந்த பிறகு, 2016 ஜூனில் ஐக்கியா நிறுவனம் அங்கே விற்ற சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் சுமார் 80 லட்சம் மால்ம் என்ற வரிசை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் ஓயாமல் போராடியதில் 2022 டிசம்பரில் ஸ்டர்டி சட்டம் வந்தது. அதன்படி 2023 செப்டம்பர் முதல், இரண்டேகால் அடிக்கு மேல் உயரமுள்ள துணி டிராயர் பெட்டிகள் அங்கே விற்பனைக்கு வருமுன் கடும் சோதனையில் தேற வேண்டும். டிராயர்களைப் பாரத்தோடு திறந்துவைத்தும், கீழே கம்பளம் விரித்தது போன்ற நிலையிலும், சுமார் 27 கிலோ எடையுள்ள குழந்தை ஏறினால் என்ன ஆகும் என்றும் பார்க்கிறார்கள். ஒரு டிராயர் திறந்திருந்தால் மற்றது திறக்காத பூட்டு அமைப்பைச் சில நிறுவனங்கள் வைக்கத் தொடங்கியிருக்கின்றன.

ஃபிரிட்ஜ் கதவு மாறியது போல இதுவும் தானாக நம்மிடம் வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. ஃபிரிட்ஜ் பெரிய தொழிற்சாலையில் உருவாவது. டிராயர் யூனிட்டோ, தெருமுனை பிளைவுட் கடையில் வாங்கிய பலகையில் நம் ஆசாரியே அடித்துத் தருவது, அல்லது ஆன்லைனில் அட்டைப்பெட்டியாக வந்து நாமே திருகிக்கொள்வது. சோதனைச்சாலை வேலையை நாம்தான் சுவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வழி சுலபமானது. யூனிட்டின் மேல்பக்கப் பின்விளிம்பில் எல் கிளாம்ப் அல்லது பட்டை, சுவரில் ரால் பிளக், இரண்டையும் இறுக்கும் ஸ்க்ரூ. கவனிக்க வேண்டியவை சில. பின்பக்கம் அடித்திருக்கும் மெல்லிய ஹார்டுபோர்டில் ஸ்க்ரூ போட்டால் அது பிய்ந்து வந்துவிடும்; சட்டத்தில்தான் போட வேண்டும். டைல்ஸ் ஸ்கர்ட்டிங் அரை அங்குலம் துருத்தி நிற்பதால் யூனிட் சுவரை ஒட்டி நிற்காது. அந்த இடைவெளிக்குப் பட்டை வசதி. இலகுவான பிளாக் சுவரானால் அதற்கென்று உள்ள பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். கனமான துணியைக் கீழ் டிராயரில் அடுக்குங்கள். பொம்மையையும் பிஸ்கெட் டப்பாவையும் யூனிட்டின் தலையில் வைக்காதீர்கள். ஏறச் சொல்லி அழைப்பது அவைதான். டிவியைச் சுவரில் மாட்டிவிடுங்கள். கேபினெட்டுக்குக் காந்த சைல்டு லாக்கோ ஸ்க்ரூ போடும் தாழ்ப்பாளோ நல்லது. ஒட்டும் வகை, எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் பட்டுச் சில மாதத்தில் கழன்றுவிடும். உடனே எதுவும் கிடைக்காவிட்டால் ஜோடிக் கதவின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே நீளக் கரண்டியைச் செருகுங்கள். பினாயிலையும் ஆசிட்டையும் இன்றே மேல் தட்டுக்கு ஏற்றுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு வாடகை வீட்டுக்காரர்களின் முதல் நிபந்தனை குறுக்கே நிற்கிறது: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நகரங்களில் கைக்குழந்தையோடு குடியேறும் இளம் தம்பதியரில் மிகப் பலர் குடியிருப்பது வாடகை வீட்டில். அவர்கள் வீட்டில் யூனிட் சுவரைத் தொடாமல் நிற்கக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் அல்ல, அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். வீட்டுக்காரர்களே, ஒரு யூனிட்டுக்கு இரண்டு ஓட்டை. காலி செய்யும்போது கொஞ்சம் பட்டி பூசினால் மறைந்துவிடும். இதற்கு மட்டும் சம்மதம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். குடிவருபவர்களும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்த வீட்டுக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

மரச்சாமான் விற்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. டெலிவரிக்கு வரும் ஆள் கையில் டிரில் இருக்கிறது. சுவரில் பிணைத்துவிட்டுப் போவதை வேலையின் ஒரு பகுதியாக ஆக்குங்கள். ஆசாரிகள் டிராயர் யூனிட் அடிக்கும்போதே பின்பக்கம் கிளாம்ப் மாட்டத் தோதாக ஒரு குறுக்குச் சட்டம் வைத்துவிடலாம். அன்றைய கொத்தனார் சுவரைக் கட்டும்போதே முடித்துவிட்ட காரியத்தை இன்று வீட்டுக்காரர், கடைக்காரர், ஆசாரி, பெற்றோர் என்று நான்கு பேர் சேர்ந்து முடிக்க வேண்டியிருக்கிறது. ஆகும் நேரம் அரை மணிதான். டிராயர் யூனிட் வீட்டுக்கு வருகிற அன்றே, துணி அடுக்குவதற்கு முன்னால், அதைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.