மறதிநோயாளர் பாதுகாப்பும் செவிலியர் மனப்பாங்கும்

மறதிநோயாளர் பாதுகாப்பு என்பது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் மறதிநோயாளரை விழுதல், வழிதவறுதல் போன்றவற்றிலிருந்து காப்பதாகும். 2023 இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 60 அகவைக்கு மேற்பட்டோருள் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் உள்ளது.

செவிலியர் மனப்பாங்கு

காயம் தவிர்த்தலையே பாதுகாப்பாகக் கருதும் செவிலியர், நோயாளியைக் கட்டிலில் கட்டிவைக்க முற்படலாம். இதனால் படுக்கைப்புண்ணும் மனக்குழப்பமும் ஏற்படக்கூடும். மாறாக, நோயாளியின் அமைதியின்மைக்கு வலி, தாகம், சிறுநீர் உந்துதல் போன்ற காரணம் இருக்கும் என எண்ணும் செவிலியர் அதைக் கண்டறிந்து தீர்க்க முயல்வர். மனநல நிறுவனங்களில், உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே கட்டிவைக்க 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இடமளிக்கிறது.

திருச்சிராப்பள்ளி

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவாகும். கோயிலின் ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகள் குடியிருப்பு வீதிகளாக உள்ளன. ஒன்றையொன்று ஒத்த இவ்வீதிகளில் மறதிநோயாளர் எளிதில் திசை தவறுவர். எனவே இங்கு நோயாளியைத் தனியே விடாது, உடனிருக்கும் உறவினருக்கும் செவிலியர் அறிவுறுத்துதல் இன்றியமையாதது.